சிவப்புக் கோடு விழாத வசனம்

அப்பாவின் வேதப்புத்தகத்தில் நீதிமொழிகள் 22-ஆம் அதிகாரம், ஏழாம் வசனத்துக்கு அடியில் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டிருக்கும். "கடன் வாங்கினவன் கடன் கொடுத்தவனுக்கு அடிமை." எங்கள் வீட்டில் இந்த வசனம் காதில் விழாமல் ஒரு வாரம் போனதில்லை. பலசரக்குக் கடையில் பற்று வைக்கக் கூடாது. தவணையில் மிக்சி வாங்கக் கூடாது. அம்மா தெருவில் போட்ட ஏலச்சீட்டுக்குக்கூட அப்பா முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் காசு கொடுப்பார்.

அப்படிப்பட்டவர் 1998-ல் தொடங்கி முப்பத்தொரு மாதம் கடன் கட்டினார். அவர் வாங்கிய கடன் இல்லை. கூட வேலை பார்த்த ஒருவர் ஊழியர் கூட்டுறவுச் சங்கத்தில் நாற்பதாயிரத்துக்கு மேல் வாங்கினார். அப்பா ஜாமீன் கையெழுத்துப் போட்டார். அந்த மனுஷன் கொஞ்ச நாள் கட்டிவிட்டு, வேலையையும் விட்டுவிட்டு, வடக்கே எங்கேயோ போய்விட்டார். சங்கம் அவரைத் தேடி அலையவில்லை. அலைய வேண்டிய அவசியம்தான் என்ன? அப்பாவின் சம்பளம் கைக்கெட்டுகிற தூரத்தில் இருந்தது. மாதம் 1,450 ரூபாய் பிடித்தம். அந்த வரி அம்மா கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று சம்பளச் சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிவார். அம்மாவுக்குத் தெரியாமலா இருக்கும்? அடகுக்குப் போன ரெண்டு வளையலும் அவளுடையதுதானே.

ஒருநாள் கேட்டேவிட்டேன், ஏன்ப்பா போட்டீங்க என்று. "தெனமும் மொகத்துல முழிக்க மனுசன்லா. அவன் கேட்டா எப்படிளா இல்லங்கது?"

நான் அப்போது பி.காம் இரண்டாம் வருஷம். மெர்க்கண்டைல் லா பேப்பரில் 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம் உண்டு. அதன் 128-ஆம் பிரிவு: ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கும் உண்டு. மனப்பாடம் பண்ணிப் பரீட்சையில் எழுதினேன். எங்கள் வீட்டுக் கதையைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

வேலைக்குச் சேர்ந்தபிறகு ஒருநாள் அந்த வேதப்புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். கோடு போட்ட ஏழாம் வசனத்திலிருந்து கண்ணைக் கீழே இறக்கினால், அதே அதிகாரத்தில் 26-ஆம் வசனம்: "கையடித்து உடன்பட்டு, கடனுக்காகப் பிணைப்படுகிறவர்களில் ஒருவனாகாதே." கட்ட உன்னிடம் இல்லாவிட்டால் நீ படுத்திருக்கிற படுக்கையையும் எடுத்துக்கொண்டு போவான் என்கிறது அடுத்த வசனம். பத்தொன்பது வசனம் தள்ளித்தான் இருக்கிறது. அதன் அடியில் கோடு இல்லை.

இப்போது இதை எழுதக் காரணம், போன வாரம் ஒரு பழைய மாணவன் போன் பண்ணினான். மேல்நிலையில் என்னிடம் காமர்ஸ் படித்தவன். முதல் சம்பளம் வந்திருக்கிறது. "டீச்சர், பணத்தைப் பத்திக் கத்துக்க ஒரு நல்ல புத்தகம் சொல்லுங்க." வாயில் ரெண்டு மூணு பேர் வந்தது. சொல்லவும் செய்தேன். போனை வைத்தபிறகு மனசு ஆறவில்லை. அவனுக்குச் சொல்ல விட்டுப்போனதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

புத்தகங்களைக் குறை சொல்ல வரவில்லை. ராபர்ட் கியோசாகி 1997-ல் எழுதிய 'ரிச் டேட் புவர் டேட்' புத்தகத்தை, எல்லாரையும்போல நானும் வாசித்துவிட்டுத் தலைகால் புரியாமல் ஆடியிருக்கிறேன். குடியிருக்கிற வீடு சொத்தே இல்லை, மாதாமாதம் உன் பையிலிருந்து எடுக்கிறதெல்லாம் பாரம்தான் என்பார் அதில். அந்த வேகத்தில் வீட்டுக்காரரிடம், "நமக்கு வீடே வேண்டாம், வாடகைக்கே இருப்போம்" என்று வாதாடி, மாமியாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை. ஆனாலும் 'இது எனக்குத் தருகிறதா, என்னிடமிருந்து எடுக்கிறதா' என்ற கேள்வி நல்ல கேள்வி. ஒவ்வொரு செலவுக்கும் முன்னால் இன்றைக்கும் அது எனக்கு வந்துவிடுகிறது.

என் குறை வேறு. அந்த மாதிரிப் புத்தகங்களில் வருகிற ஆள் தனியாள். அவனுக்குச் சம்பளம் இருக்கும், ஆசை இருக்கும், கிரெடிட் கார்டு இருக்கும். மச்சினன் இருக்க மாட்டான். தினமும் கடையில் குடிக்கிற காபியை நிறுத்தினால் முப்பது வருஷத்தில் இவ்வளவு சேரும் என்று கணக்குப் போட்டுக் காட்டுவார்கள். பாளையங்கோட்டையில் காபி குடித்துக் கவிழ்ந்த குடும்பம் எனக்குத் தெரிந்து ஒன்றுகூட இல்லை. ஜாமீன் போட்டுக் கவிழ்ந்தது, கொழுந்தனார் தொழிலுக்கு நகையைக் கழற்றிக் கொடுத்து மூழ்கிப்போனது, 'நம்ம ஆளு நடத்துற சீட்டு' என்று நம்பித் தெருவுக்கு வந்தது என்று எண்ணச் சொன்னால் ரெண்டு கை விரலும் போதாது.

உள்ளதைச் சொல்ல வேண்டும், விதிவிலக்கும் உண்டு. ஜார்ஜ் கிளேசன் 1926-ல் பாபிலோனை வைத்து எழுதிய கதைகளை 'சம்பாத்தியத்தில் பத்தில் ஒன்றை உனக்கென்று எடுத்து வை' என்ற ஒற்றை வரிக்காகத்தான் எல்லாரும் பரிந்துரைப்பார்கள். அதற்குள்ளேயே இன்னொரு கதை இருக்கிறது. ராஜாவிடம் ஐம்பது பொற்காசு பரிசு வாங்கிய ஒருவனிடம், உடன்பிறந்தவள் வந்து, என் புருஷன் வியாபாரம் பண்ணக் கொடு என்று கேட்கிறாள். அவன் ராத்தூக்கம் கெட்டு, வட்டிக்குக் கொடுக்கிற ஒருவரிடம் போய் யோசனை கேட்கிறான். பத்தில் ஒன்றை எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அந்த அக்கா தங்கச்சியை ஒருத்தரும் காட்டவில்லை.

வட்டிக் கணக்கைப் பொறுத்தவரை வேதமும் உதவாது, கதையும் உதவாது. பேப்பரும் பேனாவும்தான். 'நூத்துக்கு மூணு' என்று யாராவது சொன்னால் அது மாசத்துக்கு, வருஷத்துக்கு முப்பத்தாறு. ஒரு லட்சம், மூன்று வருஷம், 12 சதவீதம் ஃபிளாட் ரேட், அதாவது முதலில் வாங்கிய முழுத் தொகைக்கும் கடைசிவரை வட்டி என்றால் மாதம் 3,778 ரூபாய் வரும். 12 என்றுதான் தோன்றும். ஆனால் நீங்கள் கட்டக் கட்டக் குறைகிற அசலுக்குக் கணக்குப் பார்த்தால் வட்டி 21 சதவீதத்தைத் தாண்டிவிடும். நான் காமர்ஸ் டீச்சர். என்னையே ஒரு ஸ்கூட்டர் லோனில் இப்படி உட்கார வைத்தார்கள். இதற்கு மேல் அதைச் சொன்னால் எனக்குத்தான் வெட்கம்.

எந்த மதமாக இருந்தாலும் சரி, பணத்தைப் பற்றி அவை சொல்வதை இளசுகள் 'பழங்கதை' என்று தள்ளுவதில்தான் எனக்கு உடன்பாடில்லை. அவை பணத்தைத் தனியாகப் பார்ப்பதே இல்லை, ஆளோடு சேர்த்துத்தான் பார்க்கின்றன. குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் 2:282. சொர்க்கம் நரகம் பற்றியது இல்லை அது. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வையுங்கள், சாட்சி வையுங்கள், சிறிய தொகை பெரிய தொகை என்று பார்த்துச் சலித்துக்கொள்ளாதீர்கள் என்பது பற்றியது. இதை எனக்குச் சொன்னது மேலப்பாளையத்துத் தோழி. எங்கள் ஸ்டாஃப் ரூமில் ஐந்நூறு ரூபாய் கைமாற்றுக் கேட்டாலும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்வாள். முதலில் எல்லாரும் சிரித்தார்கள். இப்போது அவளோடு மட்டும்தான் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை.

அவள் ரமலானுக்கு முன்னால் ஜகாத் கணக்குப் பார்க்கிறதை ஒருமுறை பக்கத்தில் இருந்து பார்த்தேன். நகையை எடை போட்டு எழுதுகிறாள். பேங்கில் இருக்கிறது, பிறர் தர வேண்டியது, தான் தர வேண்டியது என்று கூட்டிக் கழித்து, மிச்சம் நிஸாப் அளவை, அதாவது ஜகாத் கடமையாகிற குறைந்தபட்ச அளவைத் தாண்டினால் அதில் இரண்டரை சதவீதம். ஜகாத் ஏழைகளுக்குப் போகிறது, சரி. ஆனால் வருஷத்துக்கு ஒருமுறை தன் வீட்டுக்குத் தானே பேலன்ஸ் ஷீட் போடுகிறாளே, என் மாணவர்களில் எத்தனை பேர் அதைச் செய்கிறார்கள்? நான் செய்ததில்லை. அதன்பிறகுதான் ஆரம்பித்தேன்.

பட்ஜெட் பாடத்தை நான் தொடங்குவதே குறளில்தான். "ஆகாறு அளவிட்டி தாயினுங் கேடில்லை போகாறு அகலாக் கடை." வருகிற வழி சின்னதாக இருந்தால் பரவாயில்லை, போகிற வழி அகலாமல் இருந்தால் சரி. பையன்களுக்கு இது ஒரே மூச்சில் புரிகிறது. ஔவையார் இன்னும் காரம். "ஆன முதலில் அதிகம் செலவானால் மானம் அழிந்து மதிகெட்டு" என்று தொடங்குகிறவள், போன திசையெல்லாம் கள்ளன் பட்டம், நல்லவர்களுக்கும் பொல்லாதவன் என்று அடுக்கிக்கொண்டே போவாள். கவனித்தால், அவள் சொல்கிற நஷ்டத்தில் ஒரு காசுகூடக் கிடையாது. எல்லாம் மனுஷர் மத்தியில் போகிற பேர்தான்.

ஆனால் சாமி பேரைச் சொல்லி வருகிற எல்லா யோசனையும் இந்த ரகம் இல்லை. எங்கள் வீட்டில் பிடித்தம் நடந்துகொண்டிருந்த காலத்தில் ஊருக்கு வந்த ஒரு பிரசங்கியார், காணிக்கையை விதையுங்கள், கடன் பனிபோல் மறையும் என்றார். அம்மா அந்த மாதம் பால்காரருக்கு எடுத்து வைத்த காசைப் போட்டாள். கடன் மறையவில்லை. பால்தான் நின்றது. பணம் எப்படிப் பெருகும் என்று எவராவது மேடையில் நின்று வாக்குக் கொடுத்தால், அவர் கையில் வேதம் இருந்தாலும் லேப்டாப் இருந்தாலும் நான் எழுந்து வெளியே வந்துவிடுவேன்.

அடுத்து விளையாட்டு. ஆச்சி வீட்டில் பல்லாங்குழி. பதினாலு குழி, குழிக்கு அஞ்சு புளியங்கொட்டை, ரெண்டு பேருக்கும் சமம். நாலு ஆட்டம் போவதற்குள் ஆச்சி பக்கம் குவிந்துவிடும், என் பக்கம் குழி காலியாகும். இருக்கிற கொட்டையைக் குழிக்கு ஒன்றாகப் பிச்சி வைத்து ஆட வேண்டி வரும். அதற்குப் பேர் கஞ்சி காய்ச்சுவது. "கடன் தாரேன், வாங்கி ஆடுதியாளா?" என்பாள். வாங்கினால் அடுத்த ஆட்டத்தில் அதுவும் போகும். எங்கள் பாளையங்கோட்டைக்காரர், பண்பாட்டு ஆய்வாளர் தொ. பரமசிவன் பல்லாங்குழியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். சமமாகத் தொடங்கி ஒருத்தரை ஓட்டாண்டியாக்கி முடிகிற இந்த ஆட்டத்தை அவர் தனிச்சொத்தோடு சேர்த்துப் பார்ப்பார். அதை வாசித்தபோது ஆச்சி முகம்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

கடல் கடந்தும் இதே கதைதான். இன்று நம் பிள்ளைகள் 'பிசினஸ்' என்று விளையாடுகிறதற்கு மூத்தது மோனோபோலி. அதற்கும் மூத்த ஆட்டத்துக்கு 1904-ல் காப்புரிமை வாங்கியவர் எலிசபெத் மேகி என்ற அமெரிக்கப் பெண். நிலத்தை வளைத்துப் போடுகிறவன் வாடகை வாங்கியே மற்றவர்களை எப்படி ஒழிக்கிறான் என்று காட்டத்தான் அதைச் செய்தார். ஒருத்தர் சம்பாதித்தால் எல்லாருக்கும் பங்கு என்று இன்னொரு விதிமுறையும் அவர் எழுதியிருந்தார். நம் கைக்கு வந்து சேர்ந்தது ஒழிக்கிற ஆட்டம் மட்டும். அதே ஆட்டத்துக்கு அவர் 1924-ல் மறுபடி வாங்கிய காப்புரிமைக்கு, மோனோபோலியை வெளியிட்ட பார்க்கர் பிரதர்ஸ் கம்பெனி 1935-ல் அவருக்குக் கொடுத்தது 500 டாலர்.

மே லீவில் எங்கள் வீட்டுத் திண்ணையில் அந்த பிசினஸ்தான் ஓடியது. மகன், மகள், நாத்தனார் பெண். நாத்தனார் பெண்ணிடம் மும்பை, அதில் ஓட்டல் வேறு. மகன் நேராகப் போய் அதில் விழுந்தான். கட்ட 800 ரூபாய் குறைகிறது. விதிப்படி அவன் ஆட்டத்தை விட்டுப் போக வேண்டும். ஒன்பது வயது மகள் தன் பணத்திலிருந்து எண்ணி எடுத்து அவனிடம் நீட்டினாள். அவளிடம் மிஞ்சியது நூறோ இருநூறோ. "ஏம்மா, உனக்கு வேண்டாமா?" என்றேன்.

"அண்ணன் போயிட்டா யார்கூட வெளையாடது?"

அப்பாவின் அதே பதில். எனக்கு ஒன்றும் சொல்ல ஓடவில்லை. அவளைத் தடுத்திருக்க வேண்டுமா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அவள் நோட்டில் ஒரு தாளைக் கிழித்து, 'அண்ணன் எனக்கு 800 ரூபா தரணும்' என்று எழுதி, அவனிடம் கையெழுத்து வாங்கினாள். மேலப்பாளையத்துத் தோழி கதையை வீட்டில் நான் சொன்னது காதில் விழுந்திருக்கும்போல. பிறகு அந்தத் தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு, ஈசிச்சேரில் இருந்த தாத்தாவிடம் ஓடினாள். "தாத்தா, இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க."

அப்பாவுக்கு இப்போது எழுபத்தாறு. கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். தாளை ஒருமுறை வாசித்தார். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். மறுபடி வாசித்தார்.

"இது சாட்சிக் கையெழுத்தா, ஜாமீன் கையெழுத்தா? மொதல்ல அதச் சொல்லுளா."