ஆளும் இருக்கிறது, இடமும் காலியாக இருக்கிறது

ஏழை நாடுகளிலிருந்து டாக்டர்களும் நர்ஸ்களும் வெளிநாட்டுக்குப் போவதைப் பற்றிப் பேச்சு வந்தாலே, "மக்கள் வரிப்பணத்தில் படித்துவிட்டுப் பறந்துவிடுகிறார்கள்" என்று யாராவது ஆரம்பித்துவிடுகிறார்கள். கேட்க நியாயம் போலத்தான் இருக்கும். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை.

பற்றாக்குறை பொய் என்று நான் சொல்லவில்லை. ஆப்பிரிக்காவில் உலகின் நோய்ச்சுமையில் 24 சதவீதம், சுகாதாரப் பணியாளர்களில் வெறும் 3 சதவீதம் என்று உலக சுகாதார நிறுவனம் 2006லேயே கணக்குக் காட்டியது. அதே நிறுவனம் 2023ல், இங்கிருந்து தீவிரமாக ஆள் எடுக்காதீர்கள் என்று ஒரு பட்டியல் போட்டது. அதில் 55 நாடுகள். முந்தைய பட்டியலில் 47 தான் இருந்தன.

ஆனால் இந்தப் பட்டியல்களில் தெரியாத ஒன்று இருக்கிறது. 2000களில் கென்யாவில், படித்துப் பதிவும் செய்த ஆயிரக்கணக்கான நர்ஸ்கள் வேலையில்லாமல் வீட்டில் இருந்தார்கள். அதே சமயத்தில் அரசு சுகாதார நிலையங்களில் பணியிடங்கள் காலியாகக் கிடந்தன. ஆள் இல்லாமல் இல்லை. சம்பளம் கொடுக்கப் பணமில்லை, அல்லது கொடுக்க அனுமதியில்லை. அரசு ஊழியர் சம்பளச் செலவு இந்த அளவைத் தாண்டக்கூடாது என்று கடன் கொடுத்தவர்களின் நெருக்கடியில் உச்சவரம்பு போடுவார்கள். அந்தக் கத்தி முதலில் விழுவது புதுப் பணி நியமனங்கள் மேல்தான். 2024லும் கதை மாறவில்லை. டாக்டர்கள் சங்கத்தோடு போட்ட 2017 ஒப்பந்தப்படி பயிற்சி டாக்டருக்கு மாதம் 2,06,000 ஷில்லிங் தர வேண்டும். கென்ய அரசு 70,000 தான் தருவேன் என்றது. டாக்டர்கள் 56 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்தப் பயிற்சியை முடிக்காமல் அவர்கள் தனியாகத் தொழில் செய்யவே முடியாது. இவர்களில் ஒருவர் விமானம் ஏறினால் நாட்டுப்பற்று இல்லாதவர் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

இன்னொன்று, போகிறவர்களை வெறும் தலைக்கணக்காக எண்ணுவதே தப்பு. வெளிநாட்டு மருத்துவமனைகள் கேட்பது அனுபவசாலிகளை. ஐசியூவில், ஆபரேஷன் தியேட்டரில், பிரசவ வார்டில் சில வருடம் நின்றவர்களை. அந்த இடத்துக்கு இந்த வருடம் படித்து முடித்தவர் வந்தால் காகிதத்தில் எண்ணிக்கை சரியாகிவிடும். பிரசவ வார்டில் என்ன ஆகும் என்று பாருங்கள். குழந்தை பிறந்த பிறகு பழகிய கை தாயின் அடிவயிற்றைத் தொட்டதும் கர்ப்பப்பை இறுகாமல் தளர்ந்து கிடப்பதைக் கண்டுகொள்ளும். உடனே அழுத்தித் தேய்த்துவிட்டு, கர்ப்பப்பையை இறுகவைத்து ரத்தப்போக்கைத் தடுக்கும் ஆக்சிடோசின் ஊசியைக் கேட்கும். புதியவர் பிபி மெஷினைப் பார்த்துக்கொண்டிருப்பார். பிபி இறங்குவது ரொம்பத் தாமதமாகத்தான். அதற்குள் எவ்வளவோ ரத்தம் போயிருக்கும். அந்தப் புதியவரின் மேல் தப்பே இல்லை. பக்கத்தில் நின்று "இங்கே தொட்டுப் பார்" என்று சொல்ல வேண்டிய சீனியர் இல்லை, அவ்வளவுதான்.

இதற்கு அரசுகள் கண்டுபிடிக்கும் வைத்தியம் கதவைப் பூட்டுவது. நைஜீரியாவில் 2023ல், உள்நாட்டில் ஐந்து வருடம் வேலை பார்த்தால்தான் டாக்டருக்கு முழு உரிமம் என்று ஒரு மசோதா வந்தது. அடுத்த வருடம், இரண்டு வருடம் வேலை பார்க்காத நர்ஸுக்கு வெளிநாட்டில் வேலைக்குச் சேரத் தேவையான உரிமச் சரிபார்ப்புச் சான்று கிடையாது என்றார்கள். ஜிம்பாப்வேயில் துணை அதிபர் சிவெங்கா, ஆள் எடுத்துப் போவதையே குற்றமாக்கச் சட்டம் வரும் என்றார். எந்த நாட்டை விட்டும் வெளியேறும் உரிமை 1948 மனித உரிமைப் பிரகடனத்திலேயே இருக்கிறது. அதை விடுங்கள். கையுறைகூட இல்லாத வார்டில், மாதக்கணக்கில் சம்பளம் வராமல், வேண்டாவெறுப்பாக நிற்கும் ஒருவரை உள்ளே வைத்துப் பூட்டி நோயாளிக்கு என்ன கிடைக்கும்?

வாங்கும் நாடுகள் பக்கம் வருவோம். எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது இங்கேதான். உலக சுகாதார நிறுவனத்தின் ஆள்சேர்ப்பு நெறிமுறை 2010லேயே வந்துவிட்டது. ஆனால் அது கட்டாயமில்லை, விரும்பினால் கடைப்பிடிக்கலாம். பிரிட்டனின் சிவப்புப் பட்டியல் நாடுகளில் ஏஜென்சிகள் போய் ஆள் பிடிக்கக்கூடாது, ஆனால் ஒருவர் தானாக நேரடியாக விண்ணப்பித்தால் தடையில்லை. அரசுகளுக்குள் ஒப்பந்தம் போட்டால் கதவு இன்னும் விரியத் திறக்கும். 2022ல் நேபாளத்தோடு அப்படித்தான் கையெழுத்தானது. தங்கள் பிள்ளைகளுக்குப் போதுமான நர்ஸிங் இடங்களை உருவாக்காமல், அந்தச் செலவைத் தங்களைவிட ஏழையான நாட்டின் தலையில் கட்டுவதற்கு ஒப்பந்தம் என்று பெயர். ஒரு நர்ஸை எடுத்தால் இன்னொருவரைப் படிக்க வைக்கும் முழுச் செலவையும், அவருக்கு அங்கே சில வருடச் சம்பளத்தையும் கொடுக்க வேண்டும். ஒப்பந்தத்தில் அது எழுதப்பட வேண்டும். இதைத் தர்மம் என்று யாரும் சொல்ல வேண்டாம், வாங்கியதற்கு விலை.

பணம் கொடுத்தால் ஆள் நிற்பார்களா என்று கேட்பவர்களுக்கு மலாவி இருக்கிறது. ஹெச்ஐவி உலுக்கிக்கொண்டிருந்த 2004ல், பிரிட்டன் முதலான நன்கொடை நாடுகளின் பணத்தோடு சுகாதார ஊழியர்களின் சம்பளத்தை 52 சதவீதம் கூட்டினார்கள், பயிற்சி இடங்களையும் பெருக்கினார்கள். ஐந்தே வருடத்தில் ஊழியர் எண்ணிக்கை பாதிக்கு மேல் கூடியது. மொசாம்பிக் வேறு வழியில் போனது. டாக்டர் அல்லாதவர்களுக்கு அறுவை சிகிச்சை பயிற்சி கொடுத்து 1980களிலிருந்து மாவட்ட மருத்துவமனைகளுக்கு அனுப்புகிறார்கள். அங்கே சிசேரியன்களில் பெரும்பகுதியைச் செய்வது அவர்கள்தான். டாக்டர்கள் சில வருடங்களில் நகரத்துக்கு நகர்ந்துவிட, இவர்களில் பெரும்பாலோர் அங்கேயே நிற்கிறார்கள்.

மலாவியில் பிறகு என்ன ஆனது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நன்கொடைப் பணம் வற்றியது. 2010களின் நடுவில், படித்து முடித்து வந்தவர்களை வேலைக்கு எடுக்க அரசிடம் பணமில்லை. கட்டடம் கட்ட, ஸ்கேனர் வாங்க, பயிற்சி முகாம் நடத்த என்றால் வெளியிலிருந்து பணம் வருகிறது, திறப்பு விழாவும் நடக்கிறது. மாதச் சம்பளம் என்றால் மட்டும் "அது உங்கள் அரசின் பொறுப்பு" என்று பின்வாங்கிவிடுகிறார்கள். அடுத்த முறை ஒரு நாட்டுக்குச் சுகாதார உதவி என்று அறிவிப்பு வந்தால், அதில் எத்தனை நர்ஸ்களுக்கு எத்தனை வருடச் சம்பளம் இருக்கிறது என்று கேளுங்கள்.