கிளைடிங்: பணத்தைப் பற்றி அப்புறம் பேசுவோம்

எஞ்சின் இல்லாத விமானத்தில் பறக்கும் கிளைடிங் என்றாலே "அது பணக்காரப் பிள்ளைங்க சமாச்சாரம்" என்று நம்ம தர்மபுரிப் பக்கம் பேச்சை முடித்துவிடுகிறார்கள். செலவு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அது எதற்கு ஆகிறது என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை.

கிளைடருக்கு எஞ்சின் கிடையாது. அதை மேலே ஏற்றத்தான் காசு. இன்னொரு விமானத்தில் கட்டி இழுத்தால் அதன் எரிபொருள், பைலட், பராமரிப்பு எல்லாம் மாணவன் தலையில் விழும். வின்ச் என்றால் தரையில் நிற்கும் எஞ்சின் சுமார் ஒரு கிலோமீட்டர் கயிற்றைச் சுருட்டி, ஒரு நிமிடத்துக்குள் 300, 400 மீட்டர் உயரத்துக்கு ஏற்றிவிடும். செலவு பல மடங்கு குறைவு. ஏ.எஸ்.கே. 21 என்ற இரட்டை இருக்கைப் பயிற்சி கிளைடர் ஒரு மீட்டர் இறங்குவதற்குள் 34 மீட்டர் முன்னே போகும். காற்றில்லாத நாளில் தர்மபுரிக்கு மேல் ஒரு கிலோமீட்டர் உயரத்தில் விட்டால் 34 கிலோமீட்டர் போய், கிட்டத்தட்ட கிருஷ்ணகிரிப் பக்கத்துக் காவேரிப்பட்டணம் வரை வரும்.

இளைஞர்கள் பாதியில் விட்டுப் போவதற்குப் பணத்தைவிடப் பெரிய காரணம் காத்திருப்பு என்பேன். வெயிலில் நாள் முழுக்க நின்று, ஆறு நிமிடம் பறந்து, வீட்டுக்குப் போகச் சொன்னால் எவன் மறுவாரம் வருவான்? இறக்கையைப் பிடித்து ஓடுவது, கயிறு மாட்டுவது, நேரம் குறிப்பது என்று வேலை கொடுங்கள், அந்த வேலைக்குக் கட்டணத்தில் கழியுங்கள். ஒருவனைத் தனியாகச் சேர்க்காமல் நான்கைந்து பேரை ஒன்றாகச் சேருங்கள்.

நம் நாட்டில் மாணவர் பைலட் உரிமத்துக்கே 16 வயது ஆக வேண்டும். அதற்கு முந்தைய மூன்று நான்கு வருடங்களைத்தான் நம்ம ஊர் வீணடிக்கிறது. என்.சி.சி. விமானப் பிரிவில் ஏரோமாடலிங், அதாவது சின்ன மாதிரி விமானம் செய்யும் பாடமே உண்டு. அந்தப் பிரிவு இல்லாத பள்ளியிலும் கையால் எறியும் கிளைடர் செய்யலாம்.

இறக்கை 40 செ.மீ. நீளம், 7 செ.மீ. அகலம், பால்சா என்ற எடை குறைந்த மரத்தின் மெல்லிய தகடு அல்லது தெர்மோகோல். நடுவில் வெட்டி, இரு நுனியும் 3 செ.மீ. தூக்கியிருக்கும்படி ஒட்டுங்கள், தட்டையாக விட்டால் ஒருபக்கம் சாய்ந்தது நிமிராது. வால் இறக்கையின் பரப்பு முக்கிய இறக்கையில் ஐந்தில் ஒரு பங்கு. மூக்கில் களிமண் அப்பி, இறக்கையின் முன்விளிம்பிலிருந்து இரண்டரை செ.மீ. பின்னால் இரு விரல் நுனியில் வைத்தால் சமமாக நிற்க வேண்டும். பெரும்பாலான தோல்வி இங்கேதான். மூக்கைத் தூக்கித் தூக்கி விழுந்தால் களிமண் கூட்டுங்கள், நேராகக் குத்தினால் குறையுங்கள். ஒரே பக்கம் திரும்பினால் இறக்கை முறுக்கியிருக்கிறதா பாருங்கள். பலமாக எறிவது பையன்களின் முதல் தப்பு. காற்றில்லாத காலையில், மூக்கு சற்றே கீழிருக்க, மெல்ல விட்டால் போதும்.

பிறகு பதினோரு மணிக்கு மேல் வெளியே கூட்டிப் போங்கள். கிருஷ்ணகிரியின் மொட்டைப் பாறைகள் சூடேறி வெப்பக்காற்றை மேலே அனுப்பும். பருந்து இறக்கை அடிக்காமல் வட்டமிடும் இடம் அதுதான். ஏரிக்கும் நெல் வயலுக்கும் மேலே பெரும்பாலும் அந்த வெப்பக்காற்று கிடைக்காது. கிளைடர் பைலட்டும் இதே கணக்கில்தான் உயரம் தேடுகிறார்.

பள்ளியில் போட்டி வைப்பதானால் தூரத்தை அளக்காதீர்கள், காற்றில் நிற்கும் நேரத்தை அளங்கள். தூரம் என்று சொன்னால் பிள்ளைகள் ஈட்டி செய்துகொண்டு வருவார்கள்.