பத்துக்கு ஏழு என்றால் வாங்கலாமா, வேண்டாமா?

வீடியோ கேம் விமர்சனம் என்றால் இப்படித்தான்: சண்டை அபாரம், இசை அருமை, கதை சொதப்பல், கேமரா சுவருக்குள் போய் மாட்டிக்கொள்கிறது, ஆகவே பத்துக்கு ஏழு. இதைப் படித்துவிட்டு நான் என்ன செய்ய? பல விமர்சகர்களின் மதிப்பெண்ணைச் சேர்த்துச் சராசரி காட்டும் மெட்டாக்ரிட்டிக் தளத்தில் 75 வந்தால் பச்சை, 74 என்றால் மஞ்சள், அந்த ஒரு புள்ளியில் என்ன குடிமுழுகிப் போச்சோ. கேம் விற்கும் ஸ்டீம் தளத்தில் கட்டைவிரல் மேலே, இல்லையென்றால் கீழே, நடுவில் ஒன்றும் கிடையாது (நூறு மணி நேரம் ஆடிவிட்டுக் கீழே காட்டுகிற மகான்களும் உண்டு). போன வாரம் நான் ஆடிய கேமில் வில்லை இழுக்கும்போது நாணின் விறைப்பு கன்ட்ரோலர் வழியாகக் கைக்குள் அதிர்கிறது, அவ்வளவு சுகம், ஆனால் ஆட்டத்தைச் சேமிக்கும் அடுத்த சேவ் பாயின்ட்டுக்கு இருபது நிமிடம் ஓட வேண்டும், நடுவில் செத்தால் மறுபடி முதலிலிருந்து. இந்த ரெண்டையும் கூட்டி வகுத்தால் ஏழு வருமா? எண்ணே வேண்டாம் சாமி, பொறுமை இல்லாதவன் அந்த இருபது நிமிடத்தைத் தாங்குவானா என்று ஒரு வரி எழுதுங்கள்.