நடுவருக்கு நடுநிலை அவசியமா?

இஸ்ரேல்–அரபுப் பிரச்சினையில் போர்நிறுத்தப் பேச்சு என்று செய்தி வந்தாலே நம் ஊரில் ஒரு வாதம் கிளம்பும்: குண்டு கொடுப்பவனே பஞ்சாயத்துக்கும் உட்கார்ந்தால் அது என்ன பஞ்சாயத்து? அமெரிக்கா ஒரு தரப்பின் ஆள், ஐ.நா.வோ, எந்தப் பக்கமும் சாராத ஒரு சின்ன நாடோ பேசட்டும் என்று முடிப்பார்கள். முதல் பாதி சரி. இரண்டாம் பாதி வரலாற்றில் நிற்காது.

சார்பில்லாதவரை வைத்துப் பார்த்தாகிவிட்டது. 1967 போருக்குப் பின், பாதுகாப்பு சபையின் 242-ஆம் தீர்மானப்படி ஸ்வீடனைச் சேர்ந்த குன்னர் யாரிங் தூதராக அமர்த்தப்பட்டார். நாணயமானவர், பொறுமைசாலி. கெய்ரோ, ஜெருசலேம், அம்மான் என்று ஆண்டுக்கணக்கில் அலைந்தார். 1971 பிப்ரவரியில் இரு தரப்புக்கும் ஒரே நேரத்தில் எழுத்தில் கேட்டார்: எகிப்து சமாதான ஒப்பந்தத்துக்கு வருமா, 1967 போரில் பிடித்த எகிப்தின் சினாய் தீபகற்பத்தை விட்டு இஸ்ரேல் விலகுமா? எகிப்து சில நிபந்தனைகளோடு ஒப்புக்கொண்டது. 1967 ஜூன் 5-க்கு முந்தைய கோட்டுக்குத் திரும்ப மாட்டோம் என்று இஸ்ரேல் பதில் எழுதியது. யாரிங்கின் முயற்சி அதோடு படுத்துவிட்டது. மாட்டேன் என்றவருக்கு அதனால் எந்த நஷ்டமும் இல்லை. தருவதற்கும் தராமல் நிறுத்திவைப்பதற்கும் யாரிங்கின் கையில் எதுவும் கிடையாது.

இரண்டே ஆண்டில் போர். 1973 அக்டோபர் 6 அன்று எகிப்தும் சிரியாவும் தாக்கின. 14-ஆம் தேதி முதல் அமெரிக்க ராணுவ விமானங்கள் இஸ்ரேலில் வெளிப்படையாகவே ஆயுதம் இறக்கின. சோவியத் விமானங்கள் மறுபக்கம் இறக்கிக்கொண்டிருந்தன. மாஸ்கோவில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் கிசிஞ்சரும் சோவியத் தலைவர் பிரெஷ்னெவும் பேசி முடித்த வாசகம்தான் அக்டோபர் 22-இல் 338-ஆம் தீர்மானமாக வந்தது: 12 மணி நேரத்துக்குள், அவரவர் இருக்கும் இடத்திலேயே சண்டையை நிறுத்த வேண்டும். அவரவர் இருக்கும் இடம் எது என்பதை யாரும் வரைபடத்தில் குறிக்கவில்லை. பார்த்துச் சொல்ல அங்கே கண்காணிப்பாளரும் இல்லை. அடுத்த இரண்டு நாளில் இஸ்ரேலியப் படை சூயஸ் நகரம் வரை இறங்கி, சூயஸ் கால்வாயின் கிழக்குக் கரையில் இருந்த எகிப்தின் மூன்றாம் படையைச் சுற்றி வளைத்துவிட்டது. அக்டோபர் 22 கோட்டுக்குத் திரும்பு என்று எகிப்து கேட்டது. அந்தக் கோடு எங்கே என்று அடித்துச் சொல்ல யாராலும் முடியவில்லை. இரண்டு வல்லரசுகள் சேர்ந்து எழுதிய தாளிலேயே இப்படி ஒரு ஓட்டை.

24-ஆம் தேதி இரவு பிரெஷ்னெவிடமிருந்து கடிதம் வந்தது. சேர்ந்து படை அனுப்புவோம், இல்லையேல் நாங்கள் தனியாகவே யோசிப்போம் என்று பொருள். அமெரிக்கா உலகெங்கும் தன் படைகளை உஷார் நிலையில் வைத்தது. அதே கையோடு இஸ்ரேலிடம், மூன்றாம் படையைப் பட்டினி போட்டு அழிக்க விடமாட்டோம் என்றது. ஆயுதம் கொடுத்த கை என்பதால் அந்தப் பேச்சு எடுபட்டது. தண்ணீரும் உணவும் மருந்தும் ஏற்றிய வண்டிகள் இஸ்ரேலிய வரிசையைத் தாண்டிப் போயின. சோவியத் யூனியனால் இதைச் செய்ய முடியாது. 1967 ஜூனிலேயே இஸ்ரேலுடன் தூதரக உறவை முறித்துக்கொண்டதால், எகிப்துக்கு ஆயுதம் தர முடிந்ததே தவிர, இழந்த நிலத்தில் ஒரு கிலோமீட்டரைக்கூட மாஸ்கோவால் பேசி வாங்கித் தர முடியாத நிலை. எகிப்து அதிபர் சதாத் இதை எல்லோருக்கும் முன்பே புரிந்துகொண்டவர். ஆட்டத்தின் 99 சதவீதச் சீட்டுகள் அமெரிக்காவின் கையில் இருக்கின்றன என்று அவர் சொல்லி வந்தது அமெரிக்க நியாயத்தின் மேல் இருந்த நம்பிக்கையால் அல்ல. இஸ்ரேலை நகர்த்தக்கூடியவர் யாரோ, அவரிடம் போனார்.

கெய்ரோ–சூயஸ் சாலையின் 101-ஆவது கிலோமீட்டரில் கூடாரம் போட்டு எகிப்தின் தளபதி கமாசியும் இஸ்ரேலின் தளபதி யாரிவும் நேருக்கு நேர் பேசினார்கள், ஐ.நா. தரப்பில் பின்லாந்தின் தளபதி சீலாஸ்வுவோ இருந்தார். நவம்பர் 11-இல் ஆறு அம்ச உடன்பாடு கையெழுத்தானது. சாலையில் இருந்த இஸ்ரேலியச் சோதனைச் சாவடிகளுக்குப் பதிலாக ஐ.நா. சாவடிகள், அதன்பின் கைதிகள் பரிமாற்றம். எது முதல், எது பிறகு என்று வரிசை போட்டுக் கட்டியிருந்ததால் நடந்தது. இரு தளபதிகளும் அதைத் தாண்டிப் படை விலக்கல் வரை நன்றாகவே நெருங்கிவிட்டார்கள். கிசிஞ்சர் அதை அங்கே முடிய விடவில்லை. ஜெனீவா மாநாட்டுக்கும் தன் விமானப் பயணங்களுக்கும் சரக்கு வேண்டியிருந்தது அவருக்கு. மத்தியஸ்தரின் சுயநலம் என்று ஒன்று உண்டு, அதையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். டிசம்பர் 21 அன்று கூடிய ஜெனீவா மாநாட்டைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சிரியா வரவில்லை, அதன் நாற்காலி காலியாகக் கிடந்தது, எல்லோரும் உரையாற்றிவிட்டுக் கலைந்தார்கள்.

வேலை நடந்தது 1974 ஜனவரியில், எகிப்தின் அஸ்வானுக்கும் ஜெருசலேமுக்கும் இடையே கிசிஞ்சர் பறந்த பயணங்களில். ஒரு வாரத்தில் முடிந்தது. இஸ்ரேல் கால்வாயிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் கிழக்கே விலகும், நடுவில் ஐ.நா. படை நிற்கும், கிழக்குக் கரையில் எகிப்து 7,000 வீரர்கள், 30 டாங்கிகள், 12 கிலோமீட்டருக்கு மேல் சுடாத ஆறு பீரங்கித் தொகுதிகள் மட்டும் வைத்துக்கொள்ளலாம். நூற்றுக்கணக்கான டாங்கிகளைக் கால்வாய் தாண்டிக் கொண்டுபோன படை அது. 30 என்ற எண்ணைக் கேட்டதும் கமாசி திரும்பிக்கொண்டு கண்ணீர் விட்டதை அந்தக் காலத்து நினைவுக் குறிப்புகள் பதிவு செய்திருக்கின்றன.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. சொந்த மண்ணில் எத்தனை டாங்கி வைக்கலாம் என்று எதிரியோடு ஒப்பந்தம் போட எந்த எகிப்தியத் தலைவராலும் முடியாது. அதனால் படை வரம்புகள் வெளியிட்ட உடன்பாட்டில் இல்லை. அமெரிக்காவின் முன்மொழிவு என்று ஒரு தனித் தாள். அதை ஏற்பதாகச் சதாத் அமெரிக்காவுக்குத் தனியாக ஒப்பம் இட்டார், இஸ்ரேல் பிரதமர் கோல்டா மேயர் தனியாக ஒப்பம் இட்டார். வாக்கு கொடுத்தது அமெரிக்காவிடம். மீறினால் பகை வருவது அமெரிக்காவோடு. சார்பற்ற சின்ன நாடு ஒன்று இதே தாளை நீட்டியிருந்தால் அந்த ஒப்பத்துக்கு என்ன எடை இருந்திருக்கும்?

சிரியா பல மடங்கு கடினம். 1974 ஏப்ரல் கடைசியிலிருந்து மே 31 வரை ஓர் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஒரு மாதத்துக்கு மேல் வாஷிங்டனை விட்டுவிட்டு டமாஸ்கஸுக்கும் ஜெருசலேமுக்கும் இடையே பறந்துகொண்டிருந்தார். இழுபறி பெரும்பாலும் குனேத்ரா என்ற ஒரு சிதைந்த நகரத்தையும் அதைச் சுற்றிய குன்றுகளையும் பற்றி. நகரம் சிரியாவுக்கு, மேற்கே உள்ள குன்று இஸ்ரேலுக்கு என்றால், குன்றின் சரிவில் கோடு எங்கே விழும்? குன்றின் மேல் இருக்கும் ஆயுதம் நகரத்தைச் சுடும் வகையாக இருக்கலாமா? இப்படி மீட்டர் கணக்கில் பேசினார்கள். சிரிய அதிபர் ஹபீஸ் அல்–அசாத் எழுதித் தர மறுத்த விஷயம் ஒன்று இருந்தது: தன் மண்ணிலிருந்து பாலஸ்தீன கெரில்லாக்கள் தாக்க மாட்டார்கள் என்ற உறுதி. அதை எழுத வைக்காமல், அப்படித் தாக்குதல் நடந்தால் இஸ்ரேலின் பதிலடிக்கு அரசியல் ஆதரவு தருவோம் என்று அமெரிக்கா இஸ்ரேலுக்குத் தனியாக எழுதிக் கொடுத்தது. முதல் 10 கிலோமீட்டரில் 6,000 வீரர், 75 டாங்கி. அடுத்த 10 கிலோமீட்டரில் 450 டாங்கி. 25 கிலோமீட்டருக்குள் விமான எதிர்ப்பு ஏவுகணை கூடாது. நடுவில் 1,250 பேர் கொண்ட ஐ.நா. படை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பு. இரு தரப்பும் ஒருவரையொருவர் அடியோடு வெறுத்தபடியே சுமார் நாற்பது ஆண்டுகள் அந்தக் கோட்டை மதித்தார்கள். சிரிய உள்நாட்டுப் போர்தான் முதலில் அதைக் குலைத்தது. 2024 டிசம்பரில் அசாத் குடும்ப ஆட்சி விழுந்த அன்றே இஸ்ரேலியப் படை அந்த மண்டலத்துக்குள் நுழைந்தது.

அமெரிக்காவின் சார்புக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதைப் பார்க்க 1975-க்கு வர வேண்டும். மார்ச்சில் சினாய் இரண்டாம் சுற்றுப் பேச்சு உடைந்தது. மித்லா, கித்தி கணவாய்களை இஸ்ரேல் விடவில்லை. இஸ்ரேல் பற்றிய கொள்கையை மறுபரிசீலனை செய்யப்போவதாக அதிபர் ஃபோர்டு அறிவித்து, புதிய ஆயுத ஒப்பந்தங்களை நிறுத்திவைத்தார். மே மாதம் 76 செனட்டர்கள் இஸ்ரேலுக்கு ஆதரவாக அவருக்குக் கடிதம் எழுதினார்கள். நெருக்கடி கொடுப்பதற்கும் உள்நாட்டில் ஒரு எல்லை இருக்கிறது என்று அன்று தெரிந்தது. அதன்பின் அழுத்தத்தின் இடத்தைப் பரிசு பிடித்தது. செப்டம்பர் 4-இல் ஒப்பந்தம்: கணவாய்களும் அபு ருதைஸ் எண்ணெய் வயல்களும் எகிப்துக்கு, முன்னெச்சரிக்கை நிலையங்களில் 200 அமெரிக்கச் சிவிலியன்கள் வரை, 7 முதல் 10 நாளுக்கு ஒருமுறை அமெரிக்க உளவு விமானம் பறந்து படத்தை இரு தரப்புக்கும் தரும். அதுவரை நன்று. கூடவே ஒரு ரகசியக் குறிப்பு: இஸ்ரேலின் இருப்புரிமையையும் 242, 338 தீர்மானங்களையும் பாலஸ்தீன விடுதலை இயக்கம் ஏற்கும்வரை அதனோடு அமெரிக்கா பேசாது.

பேச்சில் இடமே இல்லாத ஒரு மக்களின் கதவை இன்னொருவரின் கணவாய்க்கு விலையாக அடைத்தார்கள். 1979-இல் ஐ.நா.வுக்கான அமெரிக்கத் தூதர் ஆண்ட்ரூ யங் அந்த இயக்கத்தின் பிரதிநிதியைச் சந்தித்ததாலேயே பதவி விலக நேர்ந்தது. கதவு திறந்தது 1988 டிசம்பரில். 13 ஆண்டுகள். நடுவரின் சார்பைத் திட்டுவதென்றால் இந்தப் பக்கத்தை எடுத்து வைத்துத் திட்ட வேண்டும்.

அமெரிக்க அதிபர் கார்ட்டர் தன் ஓய்வு மாளிகையான கேம்ப் டேவிட்டில் எகிப்தையும் இஸ்ரேலையும் கூட்டிவைத்து நடத்திய பேச்சு பற்றி (1978 செப்டம்பர் 5 முதல் 17 வரை) எல்லோருக்கும் தெரிந்தது மூவர் கைகோத்த படம். இஸ்ரேல் பிரதமர் பெகினும் சதாத்தும் முதல் சில நாள் சந்தித்து, மோதி, அதன்பின் நேரில் பேசவே இல்லை. அமெரிக்கா ஒரே ஒரு வரைவை வைத்துக்கொண்டு மாறி மாறித் திருத்தம் வாங்கியது; 23 வரைவுகள். இரு தரப்பும் சொந்த வரைவை நீட்டினால் ஒவ்வொரு வரியும் கௌரவப் பிரச்சினை ஆகும். திருத்தம் மட்டும் கேட்டால் எதை வெட்டுகிறோம் என்று காரணம் சொல்லியாக வேண்டும். சினாயின் யூதக் குடியேற்றங்களை நான் கலைக்க மாட்டேன் என்று பெகின் பிடித்த பிடியைத் தளர்த்த, முடிவை இஸ்ரேலிய நாடாளுமன்றத்துக்குத் தள்ளினார்கள். 84-க்கு 19 என்று நிறைவேறியது. சினாயின் விமானத் தளங்களுக்கு ஈடாக நெகேவ் பாலைவனத்தில் இரண்டு தளங்கள் கட்ட அமெரிக்கா 80 கோடி டாலர் மானியம் கொடுத்தது. எழுதாமல் விட்ட இடத்தில்தான் அடி விழுந்தது. மேற்குக் கரையில் புதிய குடியேற்றம் நிறுத்தப்படும் என்ற வாக்கு, பாலஸ்தீனர் சுயாட்சிப் பேச்சு முடியும்வரை என்று கார்ட்டர் புரிந்துகொண்டிருந்தார். பெகின் அனுப்பிய கடிதத்தில் மூன்று மாதம் என்று இருந்தது. கையெழுத்துக்கு முன் அந்தக் கடிதத்தைக் கையில் வாங்காதது கார்ட்டரின் பிழை. அதற்குப் பரிகாரம் இன்றுவரை இல்லை.

சினாய் பக்கம் மட்டும் நிலைத்தது. அடுத்து 1979-இல் கையெழுத்தான எகிப்து–இஸ்ரேல் சமாதான உடன்படிக்கையின் பின்னிணைப்பைப் பார்த்தால் காரணம் தெரியும். மேற்கிலிருந்து அ, ஆ, இ என்று மூன்று பட்டைகள்: முதலில் 22,000 வீரர், 230 டாங்கி, இரண்டாவதில் 4,000 பேர், கனரக ஆயுதம் இல்லை, மூன்றாவதில் எகிப்தின் சிவில் போலீஸும் பன்னாட்டுப் படையும் மட்டும். இஸ்ரேலின் பக்கத்திலும் ஒரு மெல்லிய பட்டைக்கு வரம்பு உண்டு. 1967 மே மாதம் சினாயில் இருந்த ஐ.நா. படையை விலகச் சொல்லி எகிப்து கடிதம் கொடுத்தது. அதை வாங்கிய தளபதி நம் நாட்டின் மேஜர் ஜெனரல் இந்தர்ஜித் ரிக்கியே. ஒரு தரப்பு சொன்னதும் படை கிளம்பியது, மூன்று வாரத்தில் போர் வந்தது. அந்தப் பாடத்தால், பாதுகாப்பு சபையின் ஐந்து நிரந்தர உறுப்பினர்களும் ஒப்பாமல் படையை எடுக்கக் கூடாது என்று 1979 உடன்படிக்கையில் எழுதினார்கள். சோவியத் வீட்டோவால் ஐ.நா. படையே வர முடியாது என்றானபோது, 1981-இல் ஐ.நா.வுக்கு வெளியே ஒரு பன்னாட்டுப் படை அமைத்தார்கள். 1982 ஏப்ரல் 25 முதல் அது அங்கே நிற்கிறது. தாபா கடற்கரையின் எல்லைக்கல் எங்கே என்ற சண்டையும் உடன்படிக்கையில் இருந்த நடுவர் மன்ற விதிப்படியே 1988-இல் எகிப்துக்குத் தீர்ப்பாகி, மறு ஆண்டு நிலம் கைமாறியது.

இந்த அளவுகோலோடு, இஸ்ரேலுக்கும் ஹமாஸுக்கும் இடையிலான 2025 ஜனவரியின் காசா உடன்பாட்டை எடுத்துப் பாருங்கள். அமெரிக்கா, கத்தார், எகிப்து மூன்றும் நடுவர்கள். முதல் கட்டம் 42 நாள், 33 பணயக்கைதிகள். எந்த நாளில் எத்தனை பேர், எத்தனை கைதிகளுக்கு ஈடாக என்பது வரை தெளிவு. அந்தப் பகுதி, நடுவில் பல தகராறுகள் வந்தும், நடந்து முடிந்தது. போரை நிரந்தரமாக நிறுத்துவதும் படை முழுதாக விலகுவதும் இரண்டாம் கட்டம். அதற்கு எழுதியிருந்தது ஒரே ஒரு ஏற்பாடு: 16-ஆம் நாளுக்குள் பேச்சு தொடங்க வேண்டும். அந்த நாள் பிப்ரவரி 3. அன்று நெதன்யாகு வாஷிங்டனில் இருந்தார். மறுநாள் அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, காசாவை அமெரிக்காவே எடுத்துக்கொள்ளும் என்று அதிபர் டிரம்ப் அறிவித்தார். மார்ச் 2-இல் நிவாரணப் பொருட்கள் நிறுத்தப்பட்டன, 18-இல் இஸ்ரேலின் குண்டுவீச்சு மீண்டும் தொடங்கியது.