கெத்தும் இலை தேயிலையைப் போன்றதன்று
மலேசியாவில் வேலை செய்து ஹட்டனுக்குத் திரும்பிய தம் உறவினரைச் சுட்டி, தென்கிழக்காசியாவில் அவித்து அருந்தப்படும், கெத்தும் எனப்படும் கிராட்டம் இலை தேயிலையைப் போன்றதே, அது அடிமையாக்காது, நினைத்த நாளில் விட்டுவிடலாம் என்று ஒருவர் எழுதியிருப்பது பிழையாகும். உறவு சொல்வதானால், அம்மரம் நம் மலைகளில் தேயிலைக்கு முன்பு பயிரான கோப்பியின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆயினும் கோப்பி செய்யாததை அது செய்கிறது. அதிலுள்ள மித்ரகைனின் என்னும் வேதிப்பொருள், மூளையில் மோர்பின் என்னும் கடும் வலிநிவாரணி பற்றிக்கொள்ளும் அதே ஏற்பிகளில் செயற்படுவதால், நாள்தோறும் பலமுறை அருந்துவோருக்குத் தேவைப்படும் அளவு கூடிக்கொண்டே போகவும், நிறுத்தியதும் தசைவலி, உறக்கமின்மை, மூக்கொழுகல், வயிற்றுப்போக்கு, எரிச்சல் ஆகியவை தோன்றவும் கூடும். அந்த வலியை மலையேறி உழைத்த களைப்பென்று எண்ணி மீண்டும் அதே இலையை நாடுவதுதான், என் பார்வையில், மனிதரை மிகவும் ஏமாற்றும் இடம்.

தாய்லாந்து 2021இல் கெத்தும் மீதான தடையை நீக்கியது உண்மை. ஆனால் சாராயமும்தான் சட்டப்படி விற்கப்படுகிறது; அதனால் அது அடிமையாக்காது என்றாகிவிடாது.

நீண்ட காலம் அருந்தியவர் திடீரென நிறுத்துவதைவிட, வைத்தியரின் கண்காணிப்பில் அளவைப் படிப்படியாகக் குறைத்து, உளவளத்துணையும் பெறுவது தாங்கக்கூடியது. கடுமையான நிலையில் மோர்பின் வகைப் பழக்கத்திலிருந்து மீட்கப் பயன்படும் பியூப்ரநோபின் போன்ற மருந்தும் வெளிநாடுகளில் கொடுக்கப்படுகிறது. கெத்தும் இலையை மதுவுடனோ தூக்க மாத்திரையுடனோ சேர்ப்பது மூச்சைத் தளர்த்திவிடும் என்பதால், இதை அருந்தும் உங்கள் உறவினர் வேறு எவற்றை எடுக்கிறார் என்பதை வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லச் செய்யுங்கள். தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 என்ற இலக்கத்திலும் ஆலோசனை கேட்கலாம்.