கிளினிக் கொப்பியில் ஒரு பேர், பென்சனில் இன்னொரு பேர்

"ஆஸ்பத்திரி இலவசம்தானே, வயது போன ஆக்களுக்கு என்னத்துக்குக் காப்புறுதி?" வன்னியில் அடிக்கடி காதில் விழுகிற கேள்வி இது. வார்ட் இலவசம்தான். ஆனால் மல்லாவியிலிருந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குப் போய்வாற செலவு ஆர் தலையில்? ஸ்கானை வெளியில் எடுத்துக்கொண்டு வாங்கோ என்று துண்டு தந்தால், மருந்து முடிஞ்சுது பார்மசியில் வாங்குங்கோ என்றால், அந்தக் காசு ஆரின்ரை? இதுக்கு அரசாங்கத்தில் சில வழிகள் இருக்கு. அந்த வழிகளால் காசு வந்து சேராமல் போறதுக்கு அநேகமாக விதி காரணமில்லை, கடதாசிதான் காரணம். அந்தக் கடதாசியைச் சரிபார்க்கிற வேலையை எழுபது வயது தாண்டிய ஆக்களின் தலையிலேயே கட்டிவிட்டிருக்கிறதுதான் எனக்குப் பிடிக்காத விசயம்.

முதலில் அக்ரஹார. அரச ஊழியர்களுக்கான மருத்துவக் காப்புறுதி. 2006ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் இதை நடத்துது. பிறகு ஓய்வுபெற்ற ஆக்களையும் இதுக்குள் எடுத்தார்கள். நீங்கள் உள்ளேயோ என்று ஊரில் விசாரித்துத் திரிய வேண்டாம். பென்சன் விபரத்தில் அக்ரஹாரவுக்கு மாதக் கழிவு (பென்சனிலிருந்து வெட்டுகிற காசு) இருக்கோ என்று பாருங்கோ. கழிவு இருந்தால் நீங்கள் காசு கட்டின ஆள். கேட்கிறது உரிமை, பிச்சையில்லை. கழிவு இல்லையென்றால், அல்லது இருந்து இடையில் நின்றிருந்தால், உங்கள் பென்சன் கோவை (பைல்) இருக்கிற பிரதேச செயலகத்தின் பென்சன் பகுதியில் கேட்க வேணும், இல்லாவிட்டால் ஓய்வூதியத் திணைக்களத்தின் 1970 இலக்கத்துக்குப் போன் எடுக்கலாம். ஒன்றைக் கவனியுங்கோ: கிளிநொச்சியில் இருக்கிற ஆளின் கோவை இடம்பெயர்வுக்கு முந்தின இடத்திலோ, பிள்ளையோடை போய் இருந்த இடத்திலோ இன்னும் கிடக்கலாம். அப்படியென்றால் கரைச்சிப் பிரதேச செயலகத்தில் எவ்வளவு நேரம் நின்றாலும் வேலை நடக்காது. முதலில் கோவையை மாற்றுங்கோ.

இனி, பெரும்பாலான ஆக்கள் கைவிடுகிற இடம். அரச ஆஸ்பத்திரியில் பில் இல்லை, ஆகவே கேட்க ஒன்றுமில்லை என்று நினைச்சு, வீடு போகிற நாள் வார்டில் எழுதித் தாற டயக்னோசிஸ் கார்டை எறிஞ்சுவிடுகினம். அக்ரஹாரவில் அரச ஆஸ்பத்திரியில் தங்கின நாளுக்கும் கணக்கு இருக்கு. அதுக்கு அத்தாட்சி அந்தக் கார்ட்தான். அதில் பிழை இருந்தால் கோரிக்கை அப்படியே திரும்பி வரும்.

அந்தப் பிழை எப்பிடி வருது? இரவு பதினொரு மணிக்கு 1990 இலக்கத்துக்கு அடிச்சுக் கூப்பிட்ட அம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு போகிற அவசரத்தில் ஆராவது ஒரு மருமகள் பேரைச் சொல்லுறா. வீட்டுப் பேரைத்தான் சொல்லுவா. அடையாள அட்டையில் சின்னத்தம்பி தருமலிங்கம், வார்டில் நோயாளிக்கு எழுதுகிற பதிவான பெட் ஹெட் டிக்கெற்றில் "ராசா". வயதும் குத்துமதிப்பு. பெட் ஹெட் டிக்கெற்றில் இருக்கிறதைப் பார்த்துத்தான் வீடு போகிற நாள் கார்டை எழுதுவினம். ஆகவே அனுமதிச்ச அடுத்த நாள் காலமை அடையாள அட்டையைக் கொண்டுபோய் வார்டில் காட்டித் திருத்துங்கோ. அப்ப அது இரண்டு நிமிச வேலை. வீட்டுக்கு வந்த பிறகென்றால் பதிவேட்டுப் பகுதிக்கு அலையவேணும், சத்தியக்கடதாசி கேட்பினம், கையெழுத்துப் போட்ட டொக்டர் இடமாற்றத்தில் போயிருப்பார். வார்டை விட்டு இறங்க முதல் பேர், அடையாள அட்டை இலக்கம், வந்த திகதி, போன திகதி, வருத்தத்தின் பேர், டொக்டரின் கையெழுத்து, முத்திரை எல்லாம் கார்டில் கிடக்கோ என்று படிச்சுப் பாருங்கோ. கண்ணாடி இல்லையென்றால் பக்கத்துக் கட்டில்காரரின் பிள்ளையிடம் குடுத்து வாசிப்பியுங்கோ, வெட்கப்படத் தேவையில்லை.

அடையாள அட்டை இலக்கமும் ஒரு பொறி. பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஒரு ஆங்கில எழுத்தும். 2016க்குப் பிறகு வந்ததில் பன்னிரண்டு இலக்கம். புது அட்டை எடுத்த ஆளின் பென்சன் கோவையில் பழைய எண்ணே கிடக்கும், ஆஸ்பத்திரியில் புதுசு. இரண்டும் வேறு ஆள் என்று மேசைக்கு அங்கால் இருக்கிறவர் சொல்லலாம். வேறு ஆளில்லை. பழைய எண்ணின் முன்னால் 19 போட்டு, அதன் முதல் ஐந்து இலக்கத்துக்குப் பின்னால் ஒரு 0 செருகி, எழுத்தை விட்டால் புது எண் வரும். 481234567வி என்றது 194812304567. விண்ணப்பத்தில் இரண்டையும் எழுதுங்கோ, பழைய அட்டையின் போட்டோகொப்பி இருந்தால் அதையும் வையுங்கோ.

2009 இடம்பெயர்வில் பிறப்புப் பத்திரம் தொலைந்த ஆக்கள் இன்னும் இருக்கினம். பிறப்புப் பதிவு இருந்தால் பிறந்த மாவட்டத்தில் பிரதி எடுக்கலாம். பதிவே இல்லாதவைக்கு உத்தேச வயதுப் பத்திரம் இருக்கு. இதை வருத்தம் வர முதல் செய்யவேணும்.

பார்மசி பில்லுக்கு வாறன். "மருந்து 3,400" என்று ஒரு வரியில் எழுதின துண்டு செல்லாக்காசு. நோயாளியின் பேர், திகதி, ஒவ்வொரு மருந்தின் பேரும் விலையும், பார்மசியின் முத்திரை இருக்கவேணும். டொக்டர் எழுதின துண்டையும் அதோடை குத்துங்கோ. மெசினில் வாற வழுவழுப்பான கடதாசியின் எழுத்து எங்கடை வெயிலில் சில மாதத்திலேயே அழிஞ்சுபோகும், அன்றைக்கே போட்டோகொப்பி அடியுங்கோ. அசலைத்தான் காப்புறுதிக்கு அனுப்பவேணும், பிரதி உங்களிட்டை நிற்கவேணும். பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் கந்தோர் தாற துண்டைப் பிரதியோடை சேர்த்து வையுங்கோ. கோரிக்கைக்குக் காலக்கெடு உண்டு. பேரப்பிள்ளை வரட்டும், கொழும்பாலை மகன் வரட்டும் என்று வைச்சிருந்து கெடுத்தவைதான் கூட. வீடு வந்த கிழமையே அனுப்புங்கோ.

அரச வேலை பார்க்காத கமக்காரர், மீன்பிடிகாரர், கூலிக்குப் போன ஆக்கள் என்ன செய்யிறது? இதய சத்திரசிகிச்சை, சிறுநீரக மாற்று, புற்றுநோய் போன்ற பெரிய செலவுக்கு ஜனாதிபதி நிதியம் இருக்கு. முந்தி கொழும்புக்கு அலையவேணும். 2025 பெப்ரவரியிலிருந்து பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். துணுக்காயில் இருக்கிற ஆள் துணுக்காயிலேயே குடுக்கலாம், இதை அறியாமல் இன்னும் கொழும்புக்கு பஸ் ஏறுகினம். சத்திரசிகிச்சைக்குத் திகதி தந்தவுடனேயே விண்ணப்பத்தைப் போடுங்கோ, முடிஞ்ச பிறகு ஓடாதேங்கோ. குறைந்த வருமானமுள்ள 70 தாண்டியவைக்கான முதியோர் கொடுப்பனவு 2025இல் 3,000இலிருந்து 5,000 ரூபாவாகக் கூடினது. சிறுநீரக நோயாளருக்கானது 7,500இலிருந்து 10,000. காப்புறுதி இல்லைத்தான், ஆனால் கிளினிக்குக்குப் போற ஓட்டோக் காசு அதிலிருந்துதான் போகுது.

அனுப்பின விண்ணப்பத்துக்குப் பதிலில்லை என்றால் திரும்பத் திரும்ப நேரில் போய் நிற்கிறதில் பிரயோசனம் குறைவு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டப்படி அந்த நிறுவனத்தின் தகவல் அலுவலருக்கு ஒரு கடிதம் எழுதுங்கோ: "இத்தனையாம் திகதி பதிவுத் தபாலில் அனுப்பிய என் கோரிக்கை இப்போது எந்த நிலையில் உள்ளது? நிராகரித்திருந்தால் காரணம் என்ன?" இவ்வளவுதான். தாறதோ இல்லையோ என்று 14 வேலைநாளுக்குள் அவர் முடிவு சொல்லவேணும். சொல்லாவிட்டால் மேன்முறையீடு செய்யலாம். தமிழில் எழுதுங்கோ. சிங்களத்தில் மட்டும் கடிதம் வந்தால் தமிழில் தரச்சொல்லிக் கேட்கிறது உங்கள் உரிமை.

படிவம் நிரப்பித் தாறன், வாற காசில் பங்கு தா என்று வாற ஆக்களை வாசலோடை அனுப்பிவிடுங்கோ. ஆர் போனில் கேட்டாலும் ஏ.ரி.எம். இரகசிய இலக்கத்தையோ போனுக்கு வாற ஓ.ரி.பி. இலக்கத்தையோ சொல்லாதேங்கோ.

இவ்வளவும் எழுதினாலும் முக்கால்வாசி வேலை முதியவர் செய்யக்கூடிய வேலையில்லை என்றதுதான் என்ரை கருத்து. பிரதேச செயலகத்தில் மூத்தோர் விடயம் பார்க்கிற உத்தியோகத்தர் இருக்கிறார், ஆனால் மேசை செயலகத்திலேயே கிடக்கு. முதியவர்கள் கூடுகிற இடம் கிளினிக். காலமை ஆறு மணிக்கே நம்பர் எடுத்து, பத்து மணிவரை வாங்கில் சும்மா இருக்கினம். அந்த நாலு மணித்தியாலத்தில் அந்த உத்தியோகத்தரும் பென்சனியர் சங்கத்தின் ஒரு ஆளும், மாதத்தில் ஒரு நாள் மாங்குளத்திலும் புதுக்குடியிருப்பிலும் ஒரு மேசை போட்டு இருந்தால் போதும். ஒரு போட்டோகொப்பி மெசின், ஒரு ஸ்டேப்ளர், படிவக் கட்டு. கிளினிக் கொப்பியிலிருக்கிற பேரையும் அடையாள அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைச்சுப் பார்த்து, பிழையென்றால் அந்தக் கட்டடத்துக்குள்ளேயே இருக்கிற பதிவேட்டுப் பகுதிக்குக் கையோடை கூட்டிக்கொண்டு போகலாம். சமாதான நீதவான் ஒருவரும் வந்தால் சத்தியக்கடதாசியும் அங்கேயே முடியும். இதுக்குப் புதுச் சுற்றறிக்கை ஒன்றும் தேவையில்லை. பென்சனியர் சங்கங்கள் அடுத்த மாதக் கூட்டத்தில் தீர்மானம் எடுத்து, ஒரு கடிதத்தைப் பிரதேச செயலாளருக்கும் அதன் பிரதியை வைத்திய அத்தியட்சகருக்கும் குடுங்கோ.