முகத்துக்கு மேல டியூப்லைட்டு

மதுரையில எப்பவாச்சும்தான் பெண்ணியப் போர்ட்ரெய்ட் (ஆளை மையமா வச்சு எடுக்கிற போட்டோ) கண்காட்சின்னு ஒண்ணு நடக்குது. அதையும் காதுகுத்து விசேஷம் மாதிரிதான் நடத்தணுமா?

படத்தோட நடுப்புள்ளி தரையிலிருந்து 57, 58 அங்குலத்துல வரணும். படத்துல இருக்கிற அம்மாவும் பார்க்கிறவங்களும் கண்ணுக்குக் கண் சந்திக்கத்தான் அந்தக் கணக்கு. இங்க? பழைய காலண்டர் ஆணி எங்க இருக்கோ, அங்க படம். அண்ணாந்து பார்த்துக் கழுத்து சுளுக்குது. பளபளா பேப்பர், அதுக்கு மேல கண்ணாடி, நேர் எதிர்ல டியூப்லைட்டு. பூக்காரம்மா மூக்குக்குக் குறுக்க ஒரு வெள்ளைக் கோடு! விளக்கை மேலேயிருந்து, செங்குத்துக் கோட்டுலருந்து 30 டிகிரி சாய்ச்சு அடிச்சா பிரதிபலிப்பு தரைக்குப் போயிரும். பளபளப்பில்லாத மேட் பேப்பர்ல போட்டா கண்ணாடியே வேணாம். யாரு கேக்குறா?

கீழ ஒரு சீட்டு: 'கிராமத்துப் பெண், மேலூர்'. பேரைக் கேட்டா வாய் வலிக்குமோ? லென்ஸ் மட்டும் 85 எம்எம், எஃப் 1.8னு துல்லியமா இருக்கு. 1990-களிலேயே டெல்லி புகைப்படக் கலைஞர் ஷீபா சாச்சி, எங்க உட்காரணும், கையில என்ன வச்சுக்கணும்ங்கிறதையே தான் படம் எடுத்த பெண்கள்கிட்ட விட்டாங்க. இவங்களுக்குப் பேரே பாரம்.

அடுத்தது 'உரையாடல்'னு ஒண்ணு. குத்துவிளக்கு, பொன்னாடை, வாழ்த்துரை, 'பெண் என்பவள் தாய்'னு அரைமணி நேரம். படம் எடுத்த பிள்ளைக்கு மிச்சம் பத்து நிமிஷம். அதுலயும் மைக்கைப் பிடிச்ச அண்ணன் கேள்வியா கேக்குறாரு? கருத்து சொல்றாரு! முடிக்கும்போது, "ஆம்பளைகளையும் எடுக்கலாம்லம்மா?"

வாசல் ஃப்ளெக்ஸ்ல பாருங்க, சிறப்பு விருந்தினர் மீசையே உள்ள இருக்கிற எல்லாப் படத்தையும் விடப் பெருசு.